குழாயில் ஒரு குமிழ்

வலது கை நகங்களை வெட்டி முடித்து அவள் அப்பாவின் இடது கையை எடுத்தபோது, அவர் கண்ணைத் திறந்து, “எக்ஸ்ரே வந்துச்சா?” என்றார்.

நெஞ்சு எக்ஸ்ரேயை அவர் கேட்கவில்லை. அது வந்து, டாக்டர் கையை விரித்து, வீட்டுக்கு அனுப்பியாயிற்று. அவர் கேட்டது பட்டறையில் கடைசியாக வெல்டிங் வைத்த குழாயின் எக்ஸ்ரே. செவ்வாய்க்கு ஆட்களை ஏற்றிப் போகப்போகிற விண்கலத்தின் அணு உலைக்கான குழாய் அது. அவ்வளவு தூரத்துக்கு வேறு எரிபொருள் கட்டாதாம். உலை ஒரு பீரோ அளவுதான். உருகிய உலோகம் அந்தக் குழாயில் ஓடித்தான் அதன் சூட்டை இறக்கும்.

அவளும் அதே பட்டறையில் இரும்பை அறுத்துத் தேய்க்கும் கிரைண்டர் பிடிப்பவள். காலையிலேயே படத்தைப் பார்த்துவிட்டாள். ஜாயின்டுக்குள் கடுகளவு காற்றுக் குமிழ்; சூட்டில் அங்கேதான் விரிசல் விடும். அறுத்துத்தான் ஆகவேண்டும். யார் வைத்த ஜாயின்டோ அவரே அறுப்பது பட்டறை வழக்கம். வெளியாள் கை வைத்தால் வைத்தவருக்குத் தலைக்குனிவு.

“நல்லா வந்திருக்குன்னு சொல்லிடுடி. நிம்மதியா போகட்டும்,” என்று அடுக்களையில் அம்மா சொல்லியிருந்தாள்.

அவள் மோதிர விரல் நகத்தை வெட்டினாள்.

“குமிழா?” என்றார் அப்பா.

“ம்.”

“அடியிலதானே?”

“ஆமாப்பா. நீங்க மல்லாந்து படுத்து வெச்ச இடம்.”

“இருமல் வந்துச்சு. அடக்கிப் பாத்தேன்.” சிரித்தார். சிரிப்பும் இருமலாகித்தான் ஓய்ந்தது. “நடு வானத்துல வண்டிய ஓரங்கட்டி ஒட்டவா முடியும்? நீயே அறுத்துடும்மா. போர்மேன்கிட்ட விடாத. அவன் பக்கத்துல இருக்குற நல்ல ஜாயின்டையும் சேத்து அறுத்துருவான்.”

“சரிப்பா.”

சுண்டுவிரல் மிச்சமிருந்தது. அதை வெட்டிவிட்டு நிமிர்ந்தாள். மூச்சு நின்றிருந்தது. கை மட்டும் இன்னும் சூடாக இருந்தது.

அறை வாசலுக்கு வந்த அம்மா அவர் முகத்தைப் பார்த்து அங்கேயே நின்றாள். “சிரிச்ச சத்தம் கேட்டுச்சே. சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்மா.”

“நல்லது பண்ணினே,” என்று அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

அடக்கம் முடிந்து அவள் வேலைக்குப் போனபோது போர்மேன் குழாயருகே நின்றிருந்தார். “வேற ஆள விட்டு அறுத்துக்கறேன்மா. உனக்கு எதுக்கு?”

“எங்க வீட்டு வேலைண்ணே.”

அவர் விளக்கை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

அப்பா படுத்த பலகையிலேயே மல்லாந்து படுத்தாள். பக்கத்து ஜாயின்டில் ஒரு பொறிகூடப் படாமல் சக்கரத்தை நகர்த்தினாள். குமிழிருந்த ஜாயின்ட் ஒரு வளையமாகக் கழன்று கையுறைமேல் விழுந்தது. ஓரத்தில், வைத்தவர் அடையாளமாகக் குத்தும் முத்திரை, அப்பாவுடையது. கழிவுத் தொட்டி எட்டும் தூரத்தில்தான் இருந்தது. சூடு ஆறும்வரை அதைக் கையிலேயே வைத்திருந்தாள்.