முதல் ஓலை

சிரில் சனிக்கிழமைதோறும் பவுலின் வீட்டுக்குப் பின்வாசல் வழியாகத்தான் வருவான். பட்டாளத்து பேண்டில் கார்னெட் ஊதுகிறவன்; அந்த உதட்டுக்கே தனி மிடுக்கு. சீருடையைத் தேய்க்கக் கொடுப்பான், கறிச்சோறு சாப்பிடுவான், கொஞ்சம் இருப்பான், போவான். மறுநாள் கோயிலில் அவளைக் கண்டால் வெளியூர்க்காரன் மாதிரி முகம். இப்படி ஆறு வருஷம். கவுன் தைத்துப் பிழைக்கிற அவளுக்கோ ஒரே ஆசை: பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, அவன் பக்கத்தில் நடக்க வேண்டும். பிரேசர் டவுன் முழுக்க இது தெரியும். எல்லாருக்கும் நான்தான் சொன்னேன் என்பது அபாண்டம்; பாதிப் பேருக்குத்தான் சொன்னேன்.

1934-இல், ஈஸ்டர் முடிந்த கையோடு, அவள் உபதேசியார் மதலைமுத்துவிடம் போய்க் கல்யாண ஓலைக்குப் பேர் கொடுத்துவிட்டாள். மூன்று ஞாயிறு பூசையில் இருவர் பேரையும் வாசித்து, தடை இருந்தால் சொல்லச் சொல்வார்களே, அந்த ஓலை.

"மாப்பிள்ளை எங்கேம்மா?"

"பேண்டு பிராக்டிஸ், ஐயா."

ஊரறிந்த சங்கதி ஒருவழியாக ஒழுங்குக்கு வருகிறதே என்று அவரும் எழுதிக்கொண்டார். மாப்பிள்ளையைக் கேட்கத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை வாசித்தார்கள். ரயில்வே கார்டு மகள் டோரீனைப் பெண் கேட்பதற்காக அவள் அப்பாவுக்குப் பக்கத்தில் புதுக்கோட்டு போட்டு நின்றிருந்தான் சிரில். கார்டு மெல்ல ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.

பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே பவுலினின் கொண்டையைப் பிடித்தான்.

"யாரைக் கேட்டுடி பேர் குடுத்தே?"

"கேட்டா சரின்னிருப்பியா?"

மதில் சுவரில் அவள் தலையை மோதினான். புருவம் பிளந்தது. இன்னொரு தரம் மோதினான். வெள்ளை ரவிக்கை சிவந்தது. ஆம்பிளைகள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பூசைக்கு நிற்பதுபோலவே நின்றார்கள். "யாராவது பிடிங்களேன்!" என்று என் பக்கத்தில் நின்ற நோரா அலறினாள். நானும் அலறினேன், ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை.

கல்லறைச் சுவருக்குக் கொட்டியிருந்த செங்கல் ஒன்று பவுலின் கையில் சிக்கியது. ஒரே அடி. முன்பல் மூன்று மண்ணில் விழுந்தன. அவன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார, விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது.

பல் போனவன் கார்னெட் ஊத முடியுமா? பேண்டில் சீட்டுக் கிழித்தார்கள். கார்டு வீட்டில் கதவே திறக்கவில்லை.

வியாழக்கிழமை உச்சி வெயிலில், தெருவே பார்க்க, பவுலினின் முன்வாசலில் வந்து நின்றான். "ரெண்டாம் ஓலை படிக்கச் சொல்லு, பவுலி."

அவள் கிட்டே போனாள். வீங்கிய கன்னத்தில் உள்ளங்கையை வைத்தாள். "வலிக்குதா?"

தலையாட்டிக் கண்ணை மூடிக்கொண்டான். சரி, உள்ளே கூப்பிடப் போகிறாள் என்று நான் ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்தேன்.

கட்டைவிரலால் அந்தக் கன்னத்தை அழுத்தினாள். அவன் போட்ட கூச்சலில் தெரு நாய்கள் எழுந்து ஓடின. அவன் மண்டிபோட்டு விழும்வரை அவள் விரலை எடுக்கவில்லை.

பிறகு கதவைத் தாழிட்டாள். அன்று சாயங்காலமே உபதேசியாரிடம் போய் ஓலையை நிறுத்தச் சொன்னாள். ஆனால் அதற்கு முன்னால், அந்தக் கதவுக்குப் பின்னால், மத்தியானம் பூரா "சிரில், சிரில்" என்று அழுதாள். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். நான் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.