வெயிலில் வைத்த ஸ்லைடு

மறுபடியும் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் தீவின் தலைநகரான சுவாவில் ஆளாளுக்குப் பெட்டி கட்டினார்கள். ஷமிதா வேலை பார்த்த ஆய்வுக்கூடமும் பாதி காலி. சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பது விதி. இரண்டாவது ஆளான ஷைலேந்திரா பிரிஸ்பேனுக்குப் பறந்துவிட, விதியும் அவரோடு விமானம் ஏறிவிட்டது. அதனால் விசாவுக்காகக் கணவன் கமலேஷ் கொடுத்த சளியையும் ஷமிதாவே பார்த்து, கிருமி இல்லை என்று எழுதினாள். பொய் எழுதவில்லை; பழைய மைக்ராஸ்கோப்பில் அவள் கண்ணுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. ஆக்லாந்து போக விசா வந்துவிட்டது.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது புது மைக்ராஸ்கோப் வந்து சேர்ந்தது. ஸ்லைடில் சாயம் ஏற்றி, இருட்டறையில் நீல ஒளி பாய்ச்சினால் கிருமி மட்டும் கறுப்பில் மஞ்சளாக மின்னும். கை பழகுவதற்காகப் பழைய ஸ்லைடுகளுக்கே அந்தச் சாயத்தை ஏற்றிப் பார்க்கச் சொன்னார்கள். கமலேஷின் ஸ்லைடில் மஞ்சள் குச்சிகள் அங்கங்கே மின்னின.

இத்தனை வருடம் காத்திருந்த பயணம் இந்தக் கண்ணாடித் துண்டால் போய்விடுமே என்று ஷமிதாவுக்கு ஆத்திரமாக வந்தது. வெளிச்சம் பட்டால் அந்தச் சாயம் மங்கிவிடும். மூடிய பெட்டியில் வைக்க வேண்டிய ஸ்லைடை ஜன்னலோர வெயிலில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனாள். மத்தியானம், இரண்டாவது ஆளாகப் புதிதாகச் சேர்ந்த ரோனல் அதைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்ல அக்கா" என்றான்.

வேலை முடிந்து அவள் வந்தபோது, சமபுலா பகுதியில் இருந்த வீட்டில் கமலேஷ் இருமிக்கொண்டே பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். மகள் தீப்திகா இன்னும் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை.

"கட்ட வேணாம்" என்றாள் ஷமிதா. "உங்க சளியில கிருமி இருக்கு. புது மெஷின்ல பார்த்தேன். வெயில்ல வச்சு நானே அழிச்சுட்டேன். நாளைக்குத் திரும்பச் சளி குடுங்க, ரோனல் பார்க்கட்டும்."

கமலேஷ் கயிற்றை விட்டெறிந்தான். "ஒரு வாரம் வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா பிளேன் ஏறியிருப்போமே!"

"ஏறியிருப்போம். தீப்திகா உங்க மடியிலதான் தூங்கிட்டு வந்திருப்பா."

கமலேஷ் கட்டாத பெட்டி மேலேயே உட்கார்ந்தான்.

அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடம் விட்டு வந்த தீப்திகா, பையை வாசலில் எறிந்துவிட்டு, தினமும் போல அப்பா கழுத்தைக் கட்டிக்கொள்ள ஓடி வந்தாள். கமலேஷ் சட்டென்று எழுந்து சுவரோடு ஒட்டி நின்று, ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு மறு கையை நீட்டித் தடுத்தான்.

"அங்கேயே நில்லு."

அவள் அதை விளையாட்டென்று நினைத்து, சிரித்துக்கொண்டே இன்னும் ஓர் எட்டு வைத்தாள்.