மஞ்சள் துணிக்கடியில் விழுந்த பகடை

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு நரசிம்மன் வந்துவிட்டால் கோபாலகிருஷ்ணன் வீட்டுப் பிரம்பு நாற்காலி அவருக்குத்தான். மற்றவர்கள் எல்லாரும் பாயில். முதல் பஜ்ஜித் தட்டும் அவருக்கே போகும். கல்பாக்கம் குடியிருப்பில் இரண்டு பேருக்கும் எதிரெதிர் வீடு. ஒரே வேலை, ஒரே பஸ், ஏறக்குறைய ஒரே சம்பளம். ஆனால் ஞாயிறு மூன்றிலிருந்து ஆறு வரை நரசிம்மன் ஏழாற்று நாட்டின் பெருங்குரு. கோபாலகிருஷ்ணன் வெறும் ஓடக்காரர்.

அந்த நாட்டை உண்டாக்கியவன் அதே குடியிருப்பில் இருக்கும் இளைஞன் ஷ்யாம். பெங்களூரில் படிக்கும்போது பழகிக்கொண்ட விளையாட்டு அது. ஆளுக்கு ஒரு பாத்திரம். அதன் பெயர், தொழில், உடைமை எல்லாம் ஒரு தாளில் இருக்கும். ஷ்யாம் கதை சொல்லிக்கொண்டே போவான், ராஜாவாகவும் அவனே பேசுவான். ஆபத்து வந்தால் பகடை உருட்ட வேண்டும். செத்தால் செத்ததுதான், கதை முடியும்வரை அந்த ஆளுக்கு இடமில்லை. இரண்டாயிரமாம் ஆண்டில் தொடங்கிய கதை மூன்றாம் வருஷமும் முடிந்தபாடில்லை.

பெருங்குருவுக்குச் சலுகைகள் ஏராளம். வரி கிடையாது. ராஜா கேட்காமலே பேசலாம். அவர் பேசும்போது மற்றவர்கள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், உயிர்த் தீர்ப்பு அவருடையது. இரண்டு பகடைகளை மஞ்சள் துணிக்கடியில் உருட்டுவார். கூட்டுத்தொகை இரட்டைப்படை என்றால் தெய்வம் காத்தது. ஒற்றைப்படை என்றால் கைவிட்டது. துணியைத் தூக்கிப் பார்க்கும் உரிமை அவருக்கு மட்டுமே.

அந்த விதியைக் கொண்டுவந்ததே கோபாலகிருஷ்ணன்தான். முதல் வருஷம், சேனாபதியாக ஆடும் முனிசாமி துணிக்குள் எட்டிப் பார்த்தார். முனிசாமி சதுரங்கப்பட்டினத்துக்காரர், இவர்கள் போகும் பஸ்ஸை ஓட்டுகிறவர்.

"சாமிகிட்ட கேட்டுட்டு, பதில் சரியான்னு எட்டிப் பாக்கறதா? தப்பு முனிசாமி" என்றார் கோபாலகிருஷ்ணன்.

விளையாட்டு என்று அவருக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் தெய்வம் என்ற சொல் காதில் விழுந்தால் கை தானாகக் குவிந்துவிடும் மனிதர் அவர். மஞ்சள் துணியும் அவர் பூஜை அலமாரியிலிருந்து வந்ததுதான்.

ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிறு. கொள்ளைநோய்க்குப் பயந்து ராஜா ஆற்றை மூடியிருந்தார். ஓடக்காரரோ அக்கரையில் தவித்த பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியை ஏற்றிவந்துவிட்டார். உயிர்த் தீர்ப்பு கேட்கப்பட்டது. நரசிம்மன் கண்மூடி, உருட்டி, துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"ஒற்றை" என்றார். "தெய்வம் கைவிட்டது."

கோபாலகிருஷ்ணன் சிரித்துக்கொண்டே தன் தாளை ஷ்யாமிடம் கொடுத்தார். மூன்று வருஷத் தாள், மடிப்புகளில் கிழிந்திருந்தது. தெய்வத் தீர்ப்பு என்றால் மறுபேச்சு ஏது?

எல்லாரும் போன பிறகு அவர் மனைவி பிரபாவதி டம்ளர்களைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, எட்டு விழுந்தா செத்துடணுமா?"

"எட்டா?"

"சுண்டல் தட்டோட அவர் பின்னாடி நின்னேனே. ஒண்ணு ஆறு, இன்னொண்ணு ரெண்டு. எனக்கு உங்க ஆட்டம் எங்க புரியுது?"

மறுநாள் காலை பஸ்ஸில் நரசிம்மன் பக்கத்தில் உட்கார்ந்ததும் கோபாலகிருஷ்ணன் நேராகவே கேட்டார்.

"எட்டுதானே விழுந்துச்சு, நரசிம்மா?"

நரசிம்மன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீ இல்லேன்னா ஓடத்துறை கோயிலுக்கு வரும்னு ராஜா சொல்லியிருந்தார். துறை வந்தா குருபீடம் ராஜாவுக்கே சமம். வெளையாட்டுதானே கோபாலு, இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறே?"

"வெளையாட்டுங்கறதாலதான் கேக்கறேன். நெஜத்துல பொய் சொன்னா வயித்துப்பாடுன்னு மன்னிச்சுடலாம். இங்க உனக்கு என்ன அவசியம் வந்துச்சு?"



அடுத்த ஞாயிறு ஆட்டம் ஷ்யாம் வீட்டில். செத்தவர் வரக்கூடாதுதான், ஆனாலும் கோபாலகிருஷ்ணன் போனார். விஷயத்தைச் சொன்னால் மற்றவர்கள் பதறிப்போவார்கள், தன் ஓடக்காரரைத் திருப்பித் தருவார்கள் என்று நம்பினார். நடந்ததைச் சொல்லிவிட்டு, "இனிமே தட்டுல, எல்லாரும் பாக்க உருட்டணும். அவ்வளவுதான் கேக்கறேன்" என்றார்.

யாரும் பதறவில்லை. முனிசாமிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னா அண்ணாத்த, இத்த இப்பத்தான் கண்டுபுட்ச்சியா? அல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்பா. நானு குருவுக்கு ஆறு குதுர குட்த்தேன், ரெண்டு வாட்டி சாவுலேந்து தப்பிச்சேன். நீ ஒண்ணும் குடுக்காம சாமி கும்ட்டுகினு குந்திகினு இருந்தா இன்னா பண்றது?"

"அதுதான் சார் ஆட்டத்தோட சுவாரசியம்" என்றான் ஷ்யாம் தயக்கத்தோடு. "குருவுக்கு அந்தப் பிடி இல்லேன்னா அவர் வெறும் பூசாரி. உங்களுக்கும் தெரியும்னு நெனச்சோம்."

"எனக்குத் தெரியாதே" என்றாள் ஹரிப்ரியா. கம்ப்யூட்டர் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண். ஆட்டத்தில் உப்புக்காரி, எல்லாருக்கும் கீழ்ப்படியில் இருப்பவள். அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

கோபாலகிருஷ்ணனுக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. "சித்திரையில புயல் வந்தப்போ என் ஓடம் தப்பிச்சுதே. அன்னிக்கு என்ன விழுந்துச்சு?"

நரசிம்மன் தலை நிமிரவில்லை. "மூணும் ரெண்டும். நீ போயிடக்கூடாதுன்னு அப்போ..."

சித்திரையில் ஓடம் தப்பிய அன்று சாயங்காலமே கோபாலகிருஷ்ணன் திருக்கழுக்குன்றம் போய், அத்தனை படியும் ஏறி அர்ச்சனை செய்துவிட்டு வந்திருந்தார். காகிதத்தில் இருக்கும் ஓடத்துக்காக என்று பிரபாவதியிடம்கூடச் சொல்லவில்லை. தன்னைக் கொன்ற பொய்யைவிடக் காப்பாற்றிய பொய்தான் இப்போது அதிகமாகச் சுட்டது. மூன்று வருஷம் அந்தத் துணிக்கு முன்னால் கைகூப்பியவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார்கள்.

"தட்டா, துணியான்னு கை தூக்குங்க" என்றான் ஷ்யாம். "செத்தவருக்கு ஓட்டு இல்ல, சார். மன்னிச்சுக்கணும்."

தட்டுக்கு ஒரு கைதான் உயர்ந்தது, ஹரிப்ரியாவுடையது.

"சரி, ஆட்டத்துக்கு வருவோம். உப்புக்காரி என்ன செய்யப் போறா?" என்றான் ஷ்யாம்.

"ஓடக்காரர் உடம்பு எங்க இருக்கு?" என்று கேட்டாள் ஹரிப்ரியா.

"ஆத்தங்கரையிலே கிடக்கு. குரு கைவிட்டவரை யாரும் தொடக்கூடாது. தொட்டா அப்புறம் கோயில் வாசலை மிதிக்க முடியாது. நோய் வந்தா உனக்காக உருட்டவும் மாட்டார்."

"உப்புக்காரி அவரைக் குளிப்பாட்டி அடக்கம் பண்றா."

"ஏம்மா, யோசிச்சுக்கோ" என்றார் நரசிம்மன். குரல் தழைந்திருந்தது.

ஹரிப்ரியா பெட்டியிலிருந்து ரப்பரை எடுத்து, தன் தாளில் 'கோயில் உரிமை' என்று எழுதியிருந்த வரியை அழிக்கத் தொடங்கினாள். பேனாவில் எழுதியது, லேசில் போகவில்லை. தாள் நகராமல் இருக்க அதன் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார் கோபாலகிருஷ்ணன்.