ஒஸ்டின் ஏன் மூச்சு வாங்கியது?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் கதை எழுத உட்காரவில்லை. மாத்தளையில் ஒரு தேநீர்க் கடையில் மொரிஸ் மைனர் கார் நல்லதா, ஒஸ்டின் சமர்செட் கார் நல்லதா என்று இரண்டு பேர் வாய் ஓயாமல் சண்டை பிடித்தார்கள். அதைத் தீர்த்துவைக்க ஒரு கட்டுரை எழுதப் போய், இதில் வந்து மாட்டிக்கொண்டேன்.

முதல் தொடக்கம்: 'மொரிஸ் 948 சீசீ, முப்பத்தேழு குதிரைவலு. ஒஸ்டின் 1200 சீசீ, நாற்பத்திரண்டு. ஆகவே ஏற்றத்தில்…'

(இங்கே நிறுத்திவிட்டேன். ஓட்டிப் பார்க்க ஓர் ஆள் வேண்டுமே.)

2

ஆள் கிடைத்தார்: முத்தலிப், மாத்தளை மிளகு வியாபாரி. வருடம் 1961. மனைவி ஹமீமா நிறைமாதம். முதல் பிள்ளை கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பஸ்ஸுக்குள்ளேயே பிறந்து, மூச்சு நின்று மௌத்தாகிவிட்டது. இந்தத் தடவை சொந்தக் காரில்தான் போவது என்று மனிதர் ஒற்றைக்காலில் நின்றார். பயம்தான், வேறொன்றுமில்லை.

விலைக்கு வந்த இரண்டு கார்களையும் கண்டிக்குப் போகும் வழியிலுள்ள பலகடுவ ஏற்றத்தில் தன்னந்தனியாக ஓட்டிப் பார்த்தார். சின்ன மொரிஸ் மூன்றாம் கியரிலேயே முணுமுணுத்துக்கொண்டு ஏறிவிட்டது. பெரிய ஒஸ்டின் இரண்டாம் கியருக்கு இறங்கியும் மூச்சு வாங்கியது.

(ஒஸ்டின் எடை கூடியதுதான். அதற்காக இப்படித் திணறக்கூடாது. இந்த வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதிப் பார்த்தேன். அடுத்த பிரதியிலும் திணறியது.)

3

காரணம் சொல்லட்டும் என்று மெக்கானிக் செல்லச்சாமியை உள்ளே கொண்டுவந்தேன். ஒஸ்டினின் அடியில் படுத்துப் பார்த்தார். எஞ்சினில் குறை இல்லையாம், பிரேக்கும் பிடித்துக்கொள்ளவில்லையாம். படுத்தபடியே சொன்னார்:

"மொதலாளி, பின்னால உக்காந்திருக்கிறவங்கள கொஞ்சம் எறங்கச் சொல்லுங்க. ஸ்பிரிங் ரொம்ப அமுங்கியிருக்கு."

முத்தலிப் பின்சீட்டைப் பார்த்தார். சிவப்பு உறை போட்ட வெறும் சீட்டு. இன்னொரு தடவை பார்த்தார், நானும்தான்.

(அடிக்குறிப்பு: பேயைக் கூப்பிடும் எண்ணம் எனக்கு இல்லை. இது கார்களைப் பற்றிய கட்டுரை.)

4

பேசாமல் மொரிஸையே வாங்கவைத்திருப்பேன். ஆனால் அந்த மொரிஸுக்கு இரண்டே கதவு. முன்சீட்டை மடித்து, குனிந்து, உடம்பை நுழைத்துத்தான் பின்னால் போக வேண்டும். ஹமீமா முயன்று பார்த்தாள், முடியவில்லை. ஒஸ்டினுக்கோ நான்கு கதவு, கால் நீட்ட அகலமான சீட்டு. குதிரைவலு கிடக்கட்டும் என்று முத்தலிப் ஒஸ்டினையே வாங்கினார். செல்லச்சாமிக்குக் கண் பிசகியிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

5

ஒரு நாள் விடியற்காலை, சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு வலி எடுத்தது. முத்தலிப் பின்கதவைத் திறந்து ஹமீமாவைக் கைத்தாங்கலாக ஏற்றினார். சீட்டு முழுவதும் காலியாகக் கிடக்க, அவள் கதவோரமாக ஒடுங்கி உட்கார்ந்தாள். அந்நிய ஆண்கள் முன்னால் செய்வதுபோல முக்காட்டை முகத்துக்கு இழுத்துவிட்டாள். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"இவங்களும் கண்டிக்கா போறாங்க?"

முடிவு ஒன்று: வலியில் பிதற்றுகிறாள் என்று கதவை மூடுகிறார். ஏற்றத்தில் ஒஸ்டின்…

முடிவு இரண்டு: அவளை இறக்கி பஸ்ஸுக்கு நடத்திப் போகிறார். பஸ்ஸுக்குள்…

இரண்டையும் எழுதி முடிக்க எனக்கு நெஞ்சில் துணிவில்லை. முத்தலிப்பின் கை இன்னும் கதவில்தான் இருக்கிறது, ஹமீமாவுக்கு அடுத்த வலி வந்துவிட்டது. மூடுவதா, இறக்குவதா? நீங்கள் சொல்லுங்கள், கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.