உரம் தராத வாளி

பாறசாலைக்குத் தெற்கே எல்லையோரம் கிடக்கும் கல்லுவிளை வார்டின் சகல குடிமக்களுக்கும், அண்டை மாநிலத்தாருக்கும், இனி பிறக்கப்போகும் சந்ததிகளுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: பிரேமகுமாரியின் அடுக்களை வாளியில் சாயங்காலம் போட்ட மரச்சீனித் தொலி, காலையில் முழு மரச்சீனிக் கிழங்காகக் கிடந்தது.

வாளி பஞ்சாயத்து கொடுத்தது. தொலி, மீன்முள், எச்சில் எல்லாவற்றையும் அதில் போட்டுத் தேங்காய்த் தும்புத்தூள் தூவி மூடிவைத்தால் உரமாகும் என்று மெம்பர் தேவகுமார் மைக்கில் முழங்கி, முதல் பழத்தொலியைத் தன் கையாலேயே போட்டுப் படமும் எடுத்துக்கொண்டார். அந்த மழைக்காலத்தில்தான் பிரேமகுமாரி முந்திரிக்கொட்டை உடைத்துவந்த அண்டியாபீஸைப் பூட்டினார்கள். புருஷன் இல்லாத வீடு. அவளும் மகள் நீதுவும் வாளியைக் கொண்டே பசியாறினார்கள். முள்ளைப் போட்டால் தின்ற அதே மீன் திரும்ப வந்தது. ருசியில் குறையில்லை, தும்பைக் கழுவ வேண்டும், அவ்வளவுதான். ஊர் வியக்கவில்லை. அடுத்த வீட்டில் அடுப்பு எரிந்தால் ஊருக்கு ஆட்சேபணை உண்டு, ஆச்சரியம் கிடையாது.

பிறகு கழிவில்லா வார்டுக்குக் கேடயம் என்று அறிவிப்பு வந்தது. வீடுவீடாக உரம் பார்த்து மார்க் போடுவார்கள். ஊர் வழக்கப்படி, உரம் உள்ள வீடு இல்லாத வீட்டுக்கு இரவல் கொடுத்தது. "எட்டி பிரேமா, எனக்க உரத்தக் கொண்டு போட்டுக் காட்டு. ஆளுவ பாத்துட்டுப் போவட்டு" என்றாள் பக்கத்து வீட்டு சுகிர்தபாய். பிரேமகுமாரி அதை முந்தின நாளே வாளியில் போட்டு மூடிவைத்தாள். அதுதான் பிழை. மார்க் போட வந்தவர்கள் முன்னால் மூடி தெறித்தது. சுகிர்தபாய் வீட்டில் அந்த மாதம் தின்ற சக்கைப்பழம், வாழைக்காய், சாளைமீன் எல்லாம் அடுக்களை நிறையச் சரிந்தன.

"உரம் எங்க?" என்றார் தேவகுமார்.

"நேத்து உரமாட்டுதான் கெடந்துது, மெம்பரே."

"மீனுக்கு மார்க் இல்ல. உரத்துக்காக்கும் மார்க்."

"அது எனக்க சாளையாக்கும்!" என்று வேலிக்கு அப்புறமிருந்து சுகிர்தபாய் கத்தினாள்.

வாளி பழுது என்று தீர்மானமாயிற்று. போட்டது முறைப்படி அழுகும் புது வாளி ஒன்றை வைத்துவிட்டுப் பழையதை எடுத்துப் போனார்கள். நீது கைப்பிடியை விடாமல் முற்றம் வரை இழுபட்டுப் போனாள். "விடு மக்கா, இது சர்க்கார் முதலாக்கும்" என்றார் தேவகுமார்.

பழைய வாளி இப்போது பஞ்சாயத்து ஆபீஸில் இருக்கிறது. மத்தியானம் போடும் பிரியாணி எலும்பு மறுநாள் கோழியாக எழுந்து ஃபைல்களுக்கிடையே மேய்கிறது. கூட்டம் நடக்கும்போது அதை விரட்டுவதற்குப் பியூன் உண்டு. அங்கே உரம் எங்கே என்று எவரும் கேட்பதில்லை.

கேடயம் கல்லுவிளைக்கே வந்தது. நாற்றமே இல்லாத வாளிக்கான தனிப்பரிசு பிரேமகுமாரிக்கு. அதில் போட அந்த வீட்டில் எதுவும் மிஞ்சுவதில்லை.