வெயிலுக்கு முதுகு

தையற்காரிக்கு அன்று காலை ஒரே ஒரு வாத்துதான் வேண்டும். மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்த அந்த வயலில் எண்ணூறு வாத்துகள் மிதந்தன.

குளிர்காலப் பறவைக் கணக்கெடுப்பின் பதிவேடு பத்தொன்பது வருடமாக அவள் அண்ணன் கையில். போன வருடம் செந்தலை வாத்துகளுக்கு நடுவே, நெற்றி வெள்ளையாக, கண்ணிலிருந்து பிடரி வரை பச்சைப் பட்டை ஓடிய ஒன்றைப் பார்த்ததாக அவள் சொன்னாள். இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத வாத்து அது. இரண்டு பேர் பார்த்தால்தான் பதிவு என்பது விதி. அண்ணன் எழுதிய கையோடு சிவப்பு மையால் அடித்துவிட்டார். கணக்கெடுப்பவர்கள் கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். ஒரு வருடமாகியும் அவளுக்கு அது ஆறவில்லை.

நேற்று தனியாக வந்தவள் அதே வாத்தை மறுபடி பார்த்துவிட்டாள். இன்று ஒன்பது மணிக்கு விவசாயி பம்பு போட்டுத் தண்ணீரை இறைக்கப் போகிறார். அதற்குப் பிறகு வாத்தாவது கீத்தாவது!

அண்ணன் வழக்கம்போல் மரத்தடியில் மடக்கு நாற்காலி போட்டு, தொலைநோக்கியில் கண்ணைப் பதித்திருந்தார்.

"எல்லாம் கறுப்பாத்தான் தெரியுது. நீ பாத்தது கிளுவை, அந்தச் சின்ன வாத்தா இருக்கும். அதுக்கும் கண்ணோரம் பச்சைப் பட்டைதான்."

"கிளுவை குழந்தைச் சட்டைன்னா இது பெரிய ஆளு கோட்டு. எனக்கா அளவு தெரியாது? எந்திரிண்ணா, அந்தக் கரைக்குப் போவோம்."

"முழங்கால் வரைக்கும் சேறு. பத்தொன்பது வருஷமா இங்க இருந்துதானே எண்ணுறோம்?"

"வெயிலைப் பாத்து உக்காந்தா காக்காகூட வாத்துதான். நூல் கலர் பாக்கும்போது வெளிச்சம் முதுகுப் பக்கம் இருக்கணும். அது தெரியாமயா கடை நடத்துறேன்?"

சொல்லிவிட்டுத் தொலைநோக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். வெறுங்கண்ணோடு அவர் எதை எண்ணுவது? முணுமுணுத்தபடி பின்னால் வந்தார், இரண்டு தடவை வழுக்கி விழுந்தார்.

எதிர்க்கரையில் நின்று பார்த்தபோது செந்தலைகள் செந்தலைகளாகவே தெரிந்தன. அண்ணன் தொலைநோக்கியை ஒவ்வொரு வாத்தாக நகர்த்திக்கொண்டே போனார்.

"பச்சை," என்றார். பிறகு, "நெத்தி வெள்ளை. நீ சொன்னதேதான்."

பம்பு உறுமியது. எண்ணூறும் ஒன்றாய் எழுந்து பறந்தன. அவளுக்குக் கத்த வேண்டும்போல் சந்தோஷம்.

அண்ணன் பதிவேட்டில் எழுதினார். போன வருடத்துச் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் 'சரி' என்று போட்டுக் கையெழுத்திட்டார். அதோடு நிறுத்தாமல் பின்னோக்கிப் புரட்டினார். ஒவ்வொரு வருடமும் ஒரே வரிதான்: எல்லாம் செந்தலை.

"இதுல எத்தனையைப் பாக்காமலே எழுதினேனோ," என்றார்.

ஒரு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த கிண்டலை அவள் விழுங்கிக்கொண்டாள்.

"அடுத்த வருஷம் நாற்காலியை இந்தக் கரைக்கு நானே தூக்கிட்டு வரேன். நீ நல்ல பூட்ஸ் மட்டும் வாங்குண்ணா."

அவர் முதல் பக்கத்துக்கு வந்தார். 'எண்ணும் இடம்: மரத்தடி' என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, அதை ஒரே கோடாக அடித்தார்.