வெட்கப்பட்ட ஆனந்த் டவர்ஸ்

ஆனந்த் டவர்ஸை யாராவது விற்றால் அது கொஞ்சம் பூமிக்குள் போகும். உஸ்மான் ரோட்டை ஒட்டிய அந்தச் சந்தில் இது எல்லோருக்கும் தெரியும், வாங்க வருகிறவரைத் தவிர. பத்திரம் பதிவான மறுநாள் காலை பால் பாக்கெட் போடுகிறவர் வந்தால் தரைத்தளம் இருந்த இடத்தில் முதல் மாடி நிற்கும். வாட்ச்மேன் அதன் வாசலில் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டிருப்பார். விரிசல் இல்லை, சத்தம் இல்லை, பக்கத்து நகைக்கடையின் கண்ணாடிகூட அதிராது. பத்திரத்தில் மட்டும் வழக்கம்போல அசையாச் சொத்து என்று இருக்கும்.

இதில் வருத்தமில்லாத ஒரே ஆள் ஹபீபுர் ரஹ்மான். கட்டடம் வருவதற்கு முன் அங்கே இருந்த ஓட்டு வரிசையில் அவர் ஜாக்கெட் ஹூக்கும் லேஸும் ஜரிகை பார்டரும் விற்றுவந்தார். வரிசையை வாங்கி இடித்த ஆனந்தகுமார், "புது பில்டிங்ல ரோட்டைப் பார்த்த கடை உங்களுக்குத்தான் பாய்" என்று வாக்குக் கொடுத்தார். நாலு மாடிக்கு அனுமதி வாங்கிப் பதினொன்று கட்டினார். பிறகு பதினோராவது மாடியில் ஒரு மூலைக்குக் கூட்டிப்போய் ஜன்னலைத் திறந்து, "ரோடு தெரியுதா?" என்றார். தெரிந்தது, எறும்புப் புற்று தெரிகிற மாதிரி. லிஃப்டோ கீழ்த்தளங்களில் இருந்த ஐ.டி. கம்பெனியின் கார்டுக்கு மட்டுமே திறக்கும். ஒரு டஜன் ஹூக்குக்காகப் பதினோரு மாடி ஏற எந்தப் பெண்ணுக்குத் தலையெழுத்து? ஆடித் தள்ளுபடியில் தி.நகரே மூச்சுமுட்டும்போது அவர் ஜன்னலோரம் நின்று கூட்டத்தின் உச்சந்தலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். மேற்கு மாம்பலத்து வீட்டில் அடுப்பு எரிந்தது, மனைவி ஜமீலுன்னிசா புடவைக்கு ஃபால்ஸ் தைத்ததால்.

ஆனந்தகுமார் விற்றபோது பதினோரு மாடிக்கும் அனுமதி இருப்பதாகக் கூசாமல் சொன்னார். கட்டடம் இரண்டு மாடி இறங்கியது. வாங்கிய சரோஜாதேவி அம்மையார் அதை ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியின் தலையில் கட்டும்போது, மொட்டை மாடியிலிருந்து கடல் தெரியும் என்றார். தி.நகரிலிருந்து கடல். மூன்று மாடி போனது. ஃபைனான்ஸ் கம்பெனி அதை முதலாளியின் மச்சானுக்கும், மச்சான் திரும்பவும் கம்பெனிக்கும் மாறி மாறி விற்று, ஒவ்வொரு முறையும் கோடையிலும் போர்வெல் வற்றாது என்று எழுதிக்கொடுத்தார்கள். இடிப்பு நோட்டீஸோடு வந்த அதிகாரிகள் அளந்து பார்த்தார்கள். நாலு மாடிதான் தெரிந்தது. விதிப்படி இருக்கிறது என்று பாராட்டிவிட்டுக் காபி குடித்துப் போனார்கள். புதைந்த தளங்களில் ஐ.டி. கம்பெனி வேலை செய்துகொண்டே இருந்தது. அங்கே திறப்பு விழா அன்றே திரையை இறக்கி ஏ.சி. போட்டுவிட்டார்கள், வெளியே மண்ணா வானமா என்று பார்க்க யாருக்கும் நேரம் கிடைத்ததில்லை.

இதற்கு மண் பரிசோதனை, வாஸ்து, மெட்ரோ வேலை என்று பலரும் பல காரணம் சொன்னார்கள். ஜமீலுன்னிசா கையிலிருந்த ஊசியை நிறுத்தாமலே சொன்னாள்: "அவமானமா இருந்தா பூமி பொளந்து உள்ள பூடலாம்னு நாம வாயால சொல்றோம். அது நெசமாவே போவுது. ஓனருங்களுக்கு இல்லாத வெக்கம் செங்கல்லுக்கு கீது."

கடைசியாக, தென்மாவட்டத்திலிருந்து வந்து ஜவுளியில் கொழித்த வெள்ளைச்சாமி வாங்கினார். மறுநாள் காலை பதினோராவது மாடி ரோட்டில் வந்து நின்றது. ஆனந்தகுமாரின் வாக்கை ஆனந்தகுமாரைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து காப்பாற்றிவிட்டார்கள். ஹபீபுர் ரஹ்மான் ஷட்டரைத் தூக்கிய அரை மணியில் நாலு பேர் லேஸ் கேட்டார்கள். ஆடிக்குக் கூட்டம், ரம்ஜானுக்குக் கூட்டம். ஜமீலுன்னிசா தையல் மெஷினுக்கு உறை போட்டாள். இனி ஒரு விற்பனை நடந்தால் கடை மண்ணுக்குள். அவருக்கிருந்த கவலை அது ஒன்றுதான்.

ஒரே ஒரு மாடியை வைத்து எத்தனை பொம்மைக்குப் புடவை கட்டுவது? விற்றுவிட முடிவு செய்த வெள்ளைச்சாமி ஹபீபுர் ரஹ்மானின் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பாய், நாளைக்கு சாய்நாத்னு ஒரு பார்ட்டி வருது. கேட்டா ரெண்டு நல்ல வார்த்தை சொல்லுங்க. புது ஓனர்கிட்ட பேசி ஆயுசுக்கும் அக்ரிமென்ட் போட்டுத் தாரேன்."

"சொல்லலன்னா அண்ணாச்சி?"

"சொல்லுறதுக்கு வேற வாடகைதாரர் கெடைக்காமலா போவாரு."

ஜமீலுன்னிசா சாப்பாட்டுக் கேரியரைத் திறந்தபடி, "உண்மைய சொல்லுங்க, இல்லாங்காட்டி வாய மூடிக்கினு இருங்க" என்றாள். அவர் வேறு மாதிரி யோசித்தார். பொய் முதலாளிகள் சொல்வது. மூலைக்கடைக்காரர் சொல்லுக்கு என்ன கனம் இருந்துவிடப்போகிறது? மறுநாள் சாய்நாத் தூணைத் தட்டிப் பார்த்து, "ஸ்ட்ராங்கா பாய்?" என்று கேட்டபோது அவர் ஹூக் அட்டையைக் கீழே வைக்காமலே சொன்னார்.

"மலை மாதிரி சார். அசையாது."

பதிவு முடிந்த மறுநாள் ரோட்டு மட்டத்தில் தண்ணீர்த் தொட்டியும் செல்போன் டவரும்தான் நின்றன. அவர் மொட்டை மாடிக் கதவைத் திறந்து கீழே இறங்கி, விளக்கைப் போட்டு, லேஸ் உருளைகளை ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்தார். ஜமீலுன்னிசா கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். "பரவால்ல," என்றாள், "நீங்களும் ஓனர் ஆயிட்டீங்க."

தொட்டி நிழலில் தார்ப்பாய் விரித்துக் கடை நடந்தது. ஆட்டோக்காரர்கள் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். சாய்நாத் ஒரு வாரம் அழுதார். பிறகு தெளிந்து, தி.நகர் மையத்தில் காலி மனை விற்பனைக்கு என்று போர்டு வைத்தார். அடையாறிலிருந்து ஜவஹர் என்பவர் காரில் வந்து இறங்கினார். சாய்நாத் வாயைத் திறப்பதற்குள் ஹபீபுர் ரஹ்மானிடம் கேட்டார்: "பாய், மனை எப்படி?"

ஜமீலுன்னிசா லேஸ் அளப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"மனை இல்ல சார், மொட்டை மாடி. கீழ பதினோரு மாடி கீது. ஆளுங்க வேலை செஞ்சிக்கினு கீறாங்க. யாராவது பொய் சொன்னா இன்னும் கீழ போவும்."

ஜவஹர் ஷூவால் தரையைத் தட்டிப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"அப்ப பார்க்கிங் இருக்குன்னு சொல்லுங்க."

அந்த வாரமே பதிவானது. மறுநாள் காலை பால் போடுகிறவர் வந்தபோது தண்ணீர்த் தொட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் நிழலில் ஹபீபுர் ரஹ்மான் தார்ப்பாயை உதறி விரித்துக்கொண்டிருந்தார்.